குட்டி வீசிய செம்மறிக்கு எந்தச் சோதனை? நுண்ணோக்கி, வளர்ப்பு, பிசிஆர், இரத்தம்: ஓர் ஒப்பீடு

சினை முற்றிய நேரத்தில் ஒரு செம்மறி ஆடு குட்டி வீசினால், அதாவது கருச்சிதைந்து குட்டி இறந்து விழுந்தால், எங்கோ முட்டுப்பட்டிருக்கும், விழுந்திருக்கும் என்று நினைத்து விட்டுவிடலாம். இரண்டு நாள் கழித்து இன்னொன்று, வாரம் முடிவதற்குள் மூன்றாவது என்று தொடர்ந்தால் மந்தைக்குள் ஏதோ புகுந்துவிட்டது என்று பொருள். நூறு சினை ஆடுகளில் இரண்டுக்கு மேல் குட்டி வீசினால் தொற்றைத் தேட வேண்டும் என்பது கால்நடை மருத்துவர்கள் பலர் வைத்துக்கொள்ளும் அளவுகோல். செம்மறியின் சினைக்காலம் ஏறத்தாழ 147 நாள். பாக்டீரியாவால் வரும் இழப்பில் பெரும்பகுதி கடைசி ஆறேழு வாரங்களில் நேர்கிறது. தீவனமும் உழைப்பும் காத்திருப்பும் செலவாகி முடிந்த பிறகு வரும் இழப்பு அது.

ஆய்வுக்கூட மேசைக்குப் பின்னால் நின்று பல ஈற்றுப் பருவங்களைப் பார்த்துவிட்டேன். எங்களிடம் அடிக்கடி வந்து சேர்வது, குட்டி வீசி இரண்டு வாரம் கழித்து எடுத்த ஒரு குழாய் இரத்தம். நஞ்சுக்கொடியை நாய் தின்றிருக்கும். குட்டியைப் புதைத்திருப்பார்கள். என்ன நோய் என்று சொல்லுங்கள் என்று சீட்டில் எழுதியிருக்கும். அந்த இரத்தத்தை வைத்து உறுதியாகச் சொல்லக்கூடியது மிகக் கொஞ்சம். நல்ல கருவிகளும் தேர்ந்த கைகளும் இருந்தும் வெறுங்கையோடு பதில் எழுதி அனுப்பிய நாட்கள் இன்னமும் உறுத்துகின்றன. எந்தச் சோதனை சிறந்தது என்ற கேள்விக்கான பதிலில் பாதி, குட்டி விழுந்த அன்று தரையிலிருந்து எதை எடுத்து வைத்தோம் என்பதிலேயே முடிவாகிவிடுகிறது.

பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது?

போன குட்டி போனதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. மூன்று பாக்டீரியாக்களை மட்டும் எடுத்துப் பார்ப்போம். கேம்பிலோபாக்டரால் குட்டி வீசிய ஆட்டுக்கு நல்ல எதிர்ப்பாற்றல் வந்துவிடுகிறது. அடுத்த முறை அது பெரும்பாலும் இயல்பாகவே ஈனும். அதைக் கழித்து விற்பது வீண் இழப்பு. கிளமிடியா அபார்டஸால் குட்டி வீசிய ஆடும் மறுபடி வீசுவது அரிது. ஆனால் அது வீசிய இடத்தில் கோடிக்கணக்கான கிருமிகளைக் கொட்டியிருக்கிறது. தாயில்லாத பெண் குட்டி ஒன்றை அதனிடம் ஊட்ட விட்டால், அந்தக் குட்டி தொற்றை வெளியே காட்டாமல் சுமந்து, தன் முதல் சினையிலேயே குட்டி வீசக்கூடும். மூன்றாவது புரூசெல்லா மெலிடென்சிஸ். அந்த ஆட்டைப் பட்டியில் வைத்திருப்பதே ஆபத்து. பால் வழியாகவும் ஈற்றுக் கழிவு வழியாகவும் மனிதருக்குத் தொற்றும். பல நாடுகளில் அரசுக்கு அறிவித்தே ஆக வேண்டிய நோய் அது.

தரையில் கிடக்கும் இறந்த குட்டி மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஒன்றில் தாயை வைத்துக்கொள்ள வேண்டும், இன்னொன்றில் பிரித்து வைக்க வேண்டும், மற்றொன்றில் அப்புறப்படுத்த வேண்டும். சோதனையைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த முடிவுகளில் எது நம் முன்னால் நிற்கிறது என்பதிலிருந்து தொடங்குவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

இவை மூன்றோடு பட்டியல் முடியவில்லை. சால்மோனெல்லாவில் செம்மறிக்கே உரிய அபார்டஸ்ஓவிஸ் வகையும், டப்ளின், டைஃபிமூரியம், மான்டிவீடியோ போன்ற வகைகளும் உண்டு. கெட்டுப்போன ஊறுபுல் (சைலேஜ்) வழியாக வரும் லிஸ்டீரியா, க்யூ காய்ச்சலை உண்டாக்கும் காக்ஸியெல்லா பர்னெட்டி, லெப்டோஸ்பைரா, யெர்சினியா ஆகியவையும் சேரும். கிடாக்களின் விதைப்பையைத் தாக்கும் புரூசெல்லா ஓவிஸ் சில சமயம் சினை ஆட்டையும் கெடுக்கும். பாக்டீரியாவே அல்லாத, ஒட்டுண்ணியான டாக்ஸோபிளாஸ்மா பல நாடுகளில் முன்னணிக் காரணமாக இருக்கிறது. பாக்டீரியாவை மட்டும் தேடி எதுவும் கிடைக்கவில்லை என்றால் தொற்றே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

நுண்ணோக்கியும் ஒரு துளி சாயமும்

பழைய முறை, எளிய முறை. என் கணக்கில் முதலில் செய்ய வேண்டியதும் இதுதான். நஞ்சுக்கொடியில் பொத்தான் பொத்தானாகத் தடித்திருக்கும் பகுதிக்குக் காட்டிலிடன் என்று பெயர். நோய்பட்ட காட்டிலிடனைக் கண்ணாடித் தகட்டில் ஒற்றி, ஸ்டாம்ப் முறை எனப்படும் திருத்திய சீல்-நீல்சன் சாயம் ஏற்றிப் பார்த்தால், நீல அல்லது பச்சைப் பின்னணியில் கிளமிடியா சிவப்புப் புள்ளிகளாக, கொத்துக் கொத்தாகத் தெரியும். செம்மறிகளின் தொற்றுக் கருச்சிதைவுக்கு இந்தக் கிருமிதான் காரணம் என்று 1950-இல் ஸ்காட்லாந்தில் நிறுவிய குழுவைச் சேர்ந்தவர் ஸ்டாம்ப். எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தச் சாயப் புட்டி ஆய்வுக்கூட அலமாரியை விட்டு இறங்கவில்லை.

குட்டியின் நான்காம் இரைப்பையில் இருக்கும் நீர் இன்னொரு புதையல். புதிதாக எடுத்த ஒரு துளியை இருள்புல நுண்ணோக்கியில் வைத்தால், கேம்பிலோபாக்டர் இருக்கும் பட்சத்தில் காற்புள்ளி வடிவில், அம்பு பாய்வது போல ஓடும் கிருமிகளைப் பார்க்கலாம். ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் ஒரு வலுவான ஊகம் இருக்கும். மந்தையில் இன்னும் பாதி ஆடுகள் ஈனாமல் நிற்கும்போது அந்த ஒரு மணி நேரம் பெரிது.

குறை எங்கே? ஸ்டாம்ப் சாயத்தில் கிளமிடியாவும் காக்ஸியெல்லாவும் புரூசெல்லாவும் மூன்றும் சிவப்பாகவே தெரியும். புரூசெல்லா சற்றுப் பெரிது, குறுங்கோல் வடிவம். காக்ஸியெல்லா உருவத்தில் ஒழுங்கில்லாமல் இருக்கும். பழகிய கண் பிரித்தறிய முயலும், சில நேரம் தவறும். கிருமி குறைவாக இருந்தால் தகட்டில் எதுவும் தெரியாது. நாள்பட்டு அழுகிய நஞ்சுக்கொடியில் மற்ற கிருமிகளின் கூட்டத்துக்குள் தேடியது காணாமல் போய்விடும். ஆகவே நுண்ணோக்கி காட்டுவது திசையை மட்டுமே. அதை மட்டும் நம்பி மந்தையைக் கழிக்க முடியாது.

வளர்ப்புச் சோதனை

கிருமியை உயிரோடு பிடித்து, ஊட்டப் பொருள் நிரப்பிய தட்டில் வளரவைத்துப் பார்ப்பது. கேம்பிலோபாக்டர், சால்மோனெல்லா, லிஸ்டீரியா மூன்றுக்கும் இன்றும் நான் முதலில் கேட்பது இதைத்தான். காரணம் ஒன்று: கையில் உயிருள்ள கிருமி இருந்தால் எந்த மருந்துக்கு அது பணியும் என்று சோதிக்கலாம். இது ஏட்டுக் கவலை இல்லை. அமெரிக்கச் செம்மறி மந்தைகளில் கேம்பிலோபாக்டர் ஜெஜூனியின் ஒரு குலம் பரவியது. ஆய்வாளர்கள் அதற்கு எஸ்ஏ குலம் என்று பெயரிட்டார்கள். டெட்ராசைக்ளின் வகை மருந்துகளை அது தாங்கி நிற்கிறது. குட்டி வீசத் தொடங்கியதும் மந்தைக்கு டெட்ராசைக்ளின் கொடுப்பது நெடுநாள் வழக்கம். கிளமிடியா என்றால் அது இழப்பைக் குறைக்கும். இந்தக் குலம் என்றால் மருந்தும் வீண், நாளும் வீண். வளர்ப்புச் சோதனை செய்யாத மந்தையில் அந்த வேறுபாடு தெரியவே வராது.

ஒவ்வொரு கிருமிக்கும் ஒரு பிடிவாதம் உண்டு. கேம்பிலோபாக்டருக்குக் காற்றில் உள்ள அளவு ஆக்சிஜன் ஆகாது. ஏறத்தாழ 5 சதவீத ஆக்சிஜனும் 10 சதவீதக் கரியமில வாயுவும் உள்ள பெட்டிக்குள் வைத்தால் மூன்று முதல் ஐந்து நாளில் வளரும். சால்மோனெல்லா அபார்டஸ்ஓவிஸ் தன் உறவுக் கிருமிகளைவிட மெதுவாக, சிறு சிறு புள்ளிகளாக எழும். ஒரே நாளில் தட்டைத் தூக்கிப் போட்டவர் அதைத் தவறவிடுவார். லிஸ்டீரியா சாதாரண இரத்தத் தட்டிலேயே ஓரிரு நாளில் வரும். அது குறைவாக இருக்கும் மாதிரியைக் குளிர்பெட்டியில் வைத்துப் பெருகவிடும் உத்தி பழங்காலத்திலிருந்தே உண்டு, ஏனெனில் மற்றவை உறங்கும் குளிரில் லிஸ்டீரியா வளரும்.

புரூசெல்லாவுக்கு வந்தால் என் உற்சாகம் அடங்கிவிடுகிறது. வளர்ப்புதான் அதற்கு மறுக்க முடியாத சான்று. வகை பிரிக்கவும் உதவும். ரெவ்-1 என்னும் உயிர்த் தடுப்பூசியைச் சினை ஆட்டுக்குப் போட்டால் அந்தத் தடுப்பூசிக் கிருமியே குட்டியை வீச வைக்கக்கூடும். கிடைத்தது அதுவா, வெளியிலிருந்து வந்த கிருமியா என்று பிரிக்க, ஸ்ட்ரெப்டோமைசினை ரெவ்-1 தாங்கும் என்ற பண்பு கைகொடுக்கிறது. ஆனால் ஆய்வுக்கூடத்தில் பணியாளர்களைப் பிடிக்கும் தொற்றுகளில் புரூசெல்லாவுக்கு முன்வரிசை இடம். உயர் பாதுகாப்பு அறை இல்லாத இடத்தில் அதை வளர்க்க முனையவே கூடாது. தட்டையும் ஒரு வாரத்துக்கு மேல் காத்துப் பார்க்க வேண்டும். புரூசெல்லா சந்தேகம் இருந்தால் மாதிரியோடு போகும் சீட்டில் அதைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். பெட்டியைத் திறக்கப்போகிறவரின் உடல்நலம் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

கிளமிடியாவும் காக்ஸியெல்லாவும் உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே பெருகுபவை. சாதாரணத் தட்டில் எத்தனை நாள் வைத்தாலும் வளரா. “வளர்ப்பில் கிருமி எதுவும் இல்லை” என்று வரும் அறிக்கை, இந்த இரண்டையும் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. அறிக்கையைப் படிப்பவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது.

பிசிஆர்: எல்லாம் தெரிந்துவிடுமா?

கிருமியின் மரபுப் பொருளில் ஒரு துண்டைத் தேடிப் பிடித்துப் பெருக்கிக் காட்டும் முறை. கிருமி உயிரோடு இருக்க வேண்டியதில்லை. மாதிரி உறைந்திருந்தாலும் ஓரளவு அழுகியிருந்தாலும் பரவாயில்லை. செல்லுக்குள் ஒளியும் கிளமிடியாவையும் காக்ஸியெல்லாவையும் சில மணி நேரத்தில் பெயர் சொல்லிக் காட்டிவிடும். ஒரே ஓட்டத்தில் பல கிருமிகளைத் தேடும் கூட்டுப் பிசிஆர் முறைகளும் வந்துவிட்டன. இந்த இரண்டு கிருமிகளுக்கும் இதைவிடப் பொருத்தமான சோதனை வேறு இல்லை என்றே சொல்வேன். புரூசெல்லாவை உயிரோடு வளர்க்காமலே உறுதிப்படுத்த முடிவதும் பெரிய நிம்மதி.

இத்தனை இருந்தும், பிசிஆர் ஒன்றே போதும் என்று பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அதன் பலமே அதன் பலவீனமாகவும் இருக்கிறது. மிகச் சிறிய அளவையும் பிடித்துவிடும். காக்ஸியெல்லா இருக்கும் மந்தையில், ஒழுங்காக உயிருள்ள குட்டி ஈன்ற ஆட்டின் நஞ்சுக்கொடியிலும் அது இருக்கும். பட்டியின் தூசியிலும் இருக்கும். ஆகவே காக்ஸியெல்லா உண்டு என்ற ஒரு சொல் குட்டி இறந்த காரணத்தைச் சொல்லிவிடாது. எவ்வளவு இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். மாதிரியில் ஏராளமாக இருந்து, நஞ்சுக்கொடியில் அழற்சியும் இருந்து, ஒன்றுக்கு மேற்பட்ட ஆடுகளில் அப்படியே தெரிந்தால் குற்றம் நிரூபணம். சொற்பமாகத் தெரிந்தால் அது அந்த வழியாகப் போனவர் மட்டுமே. அளவைக் குறிக்கும் எண் இல்லாமல் வெறும் உண்டு, இல்லை என்று வரும் அறிக்கையைத் திருப்பி அனுப்பி எண்ணைக் கேட்பதில் தவறே இல்லை.

கிளமிடியாவிலும் ஒரு சிக்கல் உண்டு. கிளமிடியா பெகோரம் என்னும் உறவுக் கிருமி நலமான செம்மறிகளின் குடலில் சாதாரணமாக வாழ்கிறது. சாணம் பட்ட நஞ்சுக்கொடியில் அதுவும் வரும். இரண்டையும் பிரித்துக் காட்டும் பிசிஆர் வேண்டும். இன்னொன்று, கிளமிடியாவுக்கான உயிர்த் தடுப்பூசியில் உள்ள 1பி கிருமி, தடுப்பூசி போட்ட சில ஆடுகள் வீசிய நஞ்சுக்கொடிகளிலேயே கண்டறியப்பட்டிருக்கிறது. சாதாரணப் பிசிஆருக்குத் தடுப்பூசிக் கிருமியும் வெளிக் கிருமியும் ஒன்றே. தடுப்பூசி போட்ட மந்தை என்றால் அதைச் சொல்லி, பிரித்தறியும் சோதனையைத் தனியாகக் கேட்க வேண்டும்.

கடைசியாக, பிசிஆர் கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும். பட்டியலில் இல்லாத கிருமி கண்ணெதிரே இருந்தாலும் அது பேசாது. எந்த மருந்துக்குப் பணியும் என்பதையும் வழக்கமான பிசிஆர் சொல்லாது. வளர்ப்புத் தட்டுக்கு அந்தக் குறை குறைவு. நாம் தேடாத யெர்சினியாவோ பேசில்லஸோ கூடத் தட்டில் தானாக எழுந்து நிற்கும்.

இரத்தச் சோதனை

எடுக்க எளிது, அனுப்ப எளிது, கெடாமல் இருக்கும். அதனால்தான் எல்லோரும் இரத்தத்தையே எடுக்கிறார்கள். அதனால்தான் எனக்கு இதில் இவ்வளவு சொல்ல இருக்கிறது.

இரத்தச் சோதனை தேடுவது கிருமியை இல்லை. கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளைத்தான். ஆகவே அது சொல்லக்கூடியது இந்த ஆட்டுக்கு எப்போதோ இந்தக் கிருமியோடு பழக்கம் உண்டு என்பது வரை. போன ஆண்டா, இந்த வாரமா, தடுப்பூசியா என்று தனி ஒரு மாதிரி சொல்லாது. குட்டி வீசிய அன்று ஒன்று, இரண்டு மூன்று வாரம் கழித்து ஒன்று என இரண்டு மாதிரி எடுத்து அளவு ஏறியிருக்கிறதா என்று பார்த்தால் பொருள் உண்டு. கிளமிடியாவில் இந்த ஏற்றம் நன்றாகத் தெரியும். மாறாக, பல தொற்றுகளில் ஆடு குட்டி வீசும்போதே எதிர்ப்பொருள் உச்சத்தைத் தொட்டிருக்கும். பிறகு ஏற்றம் தெரியாது.

சினைக்கு முன்பே இரத்தம் பார்த்துக் கிளமிடியா ஆட்டைப் பிடித்துவிடலாமே என்பது நியாயமான ஆசை. நடப்பது வேறு. சினையில்லாத ஆட்டுக்குள் இந்தக் கிருமி ஒளிந்து உறங்குகிறது. அந்த உறக்கத்தின்போது பெரும்பாலும் எதிர்ப்பொருள் அளக்கும்படி எழுவதில்லை. அடுத்த சினையில் நஞ்சுக்கொடியைத் தாக்கிய பிறகே இரத்தத்தில் தடம் தெரிகிறது. புதிதாக வாங்கும் கிடேரியின் இரத்தத்தில் இல்லை என்று வந்ததை நம்பிப் பட்டிக்குள் விட்டு, அடுத்த ஈற்றில் கையைப் பிசைந்து நின்றவர்கள் இருக்கிறார்கள். எதிர்ப்பொருளைத் தேடும் பழைய முறையான நிரப்புப் பொருள் பிணைப்புச் சோதனைக்கு இன்னொரு குறை: குடலில் வாழும் பெகோரத்தையும் சேர்த்து உண்டு என்று காட்டிவிடும். கிருமியின் குறிப்பிட்ட மேலுறைப் புரதத்தை வைத்துச் செய்த புதிய எலைசாக்கள் (எதிர்ப்பொருளை நிறமாற்றத்தால் காட்டும் சோதனைகள்) இதில் மேலானவை. தடுப்பூசி எதிர்ப்பொருளையும் உண்மைத் தொற்றையும் அவையும் பிரிப்பதில்லை.

காக்ஸியெல்லாவில் கிருமியைக் கொட்டிக்கொண்டிருக்கும் ஆட்டின் இரத்தம் இல்லை என்று சொல்லலாம். உண்டு என்று சொல்லும் ஆடு எதையும் கொட்டாமல் இருக்கலாம். தனி ஆட்டுக்கு அந்தச் சோதனையால் பயன் குறைவு. மந்தை முழுவதிலும் பல ஆடுகளைப் பார்த்தால் தொற்று சுற்றிக்கொண்டிருக்கிறதா என்பது தெரியும்.

இவ்வளவு குறை சொன்ன பிறகு, இரத்தச் சோதனை கொடிகட்டிப் பறக்கும் ஓர் இடத்தைச் சொல்லாமல் விடக் கூடாது. அது புரூசெல்லா மெலிடென்சிஸ். ரோஸ் பெங்கால் சோதனையில் ஒரு வெள்ளை ஓட்டில் ஊநீரையும் (இரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த நீர்) இளஞ்சிவப்புக் கிருமிக் கரைசலையும் கலந்து நான்கு நிமிடம் ஆட்டிப் பார்க்கிறோம். திரிந்தால் சந்தேகம் வலுக்கிறது. மாட்டுக்குச் சம அளவு ஊநீரும் கரைசலும் போதும். செம்மறிக்கு ஊநீரை மூன்று மடங்காக்கினால், அதாவது 25 மைக்ரோலிட்டர் கரைசலுக்கு 75 மைக்ரோலிட்டர் ஊநீர் என்று வைத்தால், நழுவும் ஆடுகள் குறையும். இந்தச் சிறு மாற்றத்தைச் செய்யாமல் மாட்டு அளவிலேயே செம்மறியைச் சோதிப்பது இன்றும் நடக்கிறது. உண்டு என்று வந்ததை எலைசா அல்லது நிரப்புப் பொருள் பிணைப்பால் உறுதிப்படுத்த வேண்டும், ஏனெனில் யெர்சினியாவின் ஒரு வகையும் ரெவ்-1 தடுப்பூசியும் இதே திரிப்பைக் காட்டும். கண்ணில் சொட்டாக விடும் ரெவ்-1, தோலுக்கடியில் போடுவதைவிட இந்தக் குழப்பத்தைக் குறைக்கிறது. புரூசெல்லா ஓவிஸை ரோஸ் பெங்கால் காட்டவே காட்டாது. அதன் மேலுறை வேறு. அதற்கென்று தனிச் சோதனை உண்டு.

இரத்தத்தில் நான் மிகவும் மதிக்கும் மாதிரி தாயினுடையது இல்லை, வீசிய குட்டியினுடையது. செம்மறியின் நஞ்சுக்கொடி தாயின் எதிர்ப்பொருளைக் குட்டிக்குக் கடத்துவதில்லை. அதனால்தான் பிறந்த குட்டிக்குச் சீம்பால் உயிர்நாடியாக இருக்கிறது. ஆகவே சீம்பால் குடிக்காமல் இறந்த குட்டியின் மார்புக்கூட்டு நீரில் எதிர்ப்பொருள் இருந்தால், அது குட்டி தானே உண்டாக்கியது. கருப்பைக்குள்ளேயே தொற்று போய்ச் சேர்ந்ததற்கு நேரடிச் சான்று. சினைக்காலத்தின் நடுப்பகுதியில்தான் குட்டிக்கு இந்தத் திறன் வருகிறது என்பதால், அதற்கு முன் வீசிய கருவில் இதை எதிர்பார்க்க முடியாது.

திசு ஆய்வும் களச் சோதனைகளும்

நஞ்சுக்கொடி, ஈரல், நுரையீரல் ஆகியவற்றை மெல்லிய துண்டுகளாக்கிப் பத்து மடங்கு ஃபார்மலினில் போட்டு அனுப்பினால், கிருமி உண்மையிலேயே சேதம் செய்ததா என்பதைத் திசு ஆய்வு சொல்லும். பிசிஆர் சொல்லும் பெயருக்குச் சாட்சி கேட்கும் இடம் இது. நஞ்சுக்கொடியின் பொத்தான்களுக்கு இடைப்பட்ட சவ்வு தோல்போலத் தடித்திருப்பது கிளமிடியாவை நினைவூட்டும். குட்டியின் ஈரலில் வட்ட வட்டமாக வெளிறிய புண்கள் கேம்பிலோபாக்டரை நினைவூட்டும், ஆனால் எல்லாக் குட்டிகளிலும் அவை வருவதில்லை. ஊசிமுனை அளவு மஞ்சள் புள்ளிகள் என்றால் லிஸ்டீரியாவைத் தேடலாம். எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டுவிடாதீர்கள். அதில் போட்டதை வளர்க்க முடியாது, பிசிஆருக்கும் அது கேடு.

பட்டியிலேயே வைத்துப் பார்க்கும் அட்டைச் சோதனைகள், ஒரே வெப்பநிலையில் மரபுப் பொருளைப் பெருக்கும் லாம்ப் முறை, மாதிரியில் உள்ள எல்லா மரபுப் பொருளையும் வாசிக்கும் வரிசையறிதல் ஆகியவை வளர்ந்து வருகின்றன. ஆய்வுக்கூடம் எட்டாத தூரத்தில் இருப்பவர்களுக்கு லாம்ப் ஒருநாள் பெரும் துணையாகும் என்று நம்புகிறேன். இன்று முடிவெடுக்க வேண்டியவர் இவற்றுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

எந்த நிலையில் எது?

மந்தையில் குட்டி வீசுவது தொடர்கிறது, இன்னும் பல ஆடுகள் ஈன வேண்டியிருக்கிறது என்றால் வேகம் முக்கியம். அன்றைக்கே நஞ்சுக்கொடித் தடவலும் இரைப்பை நீரும் நுண்ணோக்கிக்குப் போகட்டும். அதே மாதிரியில் வளர்ப்பைத் தொடங்கட்டும். கூட்டுப் பிசிஆரும் சேரட்டும். மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து வாரங்களைக் கடத்துவதைவிட, ஒரே நாளில் மூன்றையும் தொடங்குவது மேல். குறைந்தது மூன்று ஆடுகளின் மாதிரி வேண்டும். ஒன்றில் கிடைத்தது தற்செயலாக இருக்கலாம். கூட்டுச் சோதனைக்கு வழியில்லாமல் ஒன்றை மட்டும் தேர்ந்தெடு என்றால், தேர்வு மாதிரியைப் பொறுத்தது. புதிய குட்டி முழுதாகக் கிடைத்தால் வளர்ப்பு. பழைய, அழுக்கான நஞ்சுக்கொடி மட்டும் கிடைத்தால் பிசிஆர்.

நஞ்சுக்கொடியும் குட்டியும் கைவிட்டுப் போய்விட்டனவா? தாயின் பிறப்புறுப்பில் பஞ்சுக் குச்சியால் எடுத்த மாதிரியைப் பிசிஆருக்கு அனுப்பலாம். ஓரிரு நாளுக்குள் எடுத்தால் நல்ல பலன். ஒரு வாரத்துக்குப் பிறகு நம்பிக்கை வேகமாகத் தேய்கிறது. அதோடு இரட்டை இரத்த மாதிரியையும் தொடங்கி வையுங்கள். குட்டி வீசிய ஆடுகள் பத்து, வீசாத ஆடுகள் பத்து என்று ஒப்பிட்டால் தனி ஆடு சொல்லாததைக் கூட்டம் சொல்லும்.

புரூசெல்லா இருக்கும் பகுதியாக இருந்தால், வேறு எந்தக் கிருமி கிடைத்தாலும் ரோஸ் பெங்காலை விடாதீர்கள். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். புதிய ஆடுகளை வாங்கும்போதும் இந்தச் சோதனைக்கு மதிப்பு உண்டு. கிளமிடியாவுக்கோ, மேலே சொன்ன காரணத்தால், விற்கும் மந்தையின் ஈற்று வரலாற்றைக் கேட்பது தனி ஆட்டின் இரத்தத்தைவிட உதவும்.

ஒரே ஓர் ஆடு, ஒரே ஒரு முறை வீசியது என்றால் என் கருத்து பலரிடமிருந்து வேறுபடும். எல்லாச் சோதனையும் வேண்டாம். ஆனால் நஞ்சுக்கொடியையும் இரைப்பை நீரையும் எடுத்துக் குளிரில் வைத்துக்கொள்ளுங்கள், தடவல் ஒன்றையாவது பார்த்துவிடுங்கள். இரண்டாவது ஆடு வீசும்போது முதல் மாதிரி கையில் இருப்பது பெரிய பலம்.

மாதிரி எடுக்கும் கை

கையுறை, முகக்கவசம், தனி உடை இல்லாமல் இவற்றைத் தொடக் கூடாது. கர்ப்பிணிகள் பட்டிப் பக்கமே வரக் கூடாது. அவர்களுடைய துணியோடு பட்டித் துணியைச் சேர்த்துத் துவைக்கவும் கூடாது. கிளமிடியா அபார்டஸ் கர்ப்பிணியைக் கடுமையாகத் தாக்கிக் கருவைக் கலைத்துவிடும். லிஸ்டீரியாவும் அப்படியே. காக்ஸியெல்லாவோ காற்றில் ஏறிப் போகும், மிகச் சில கிருமிகளே தொற்றப் போதும். நெதர்லாந்தில் 2007 முதல் 2010 வரை 4,000-க்கும் மேற்பட்டவர்களுக்குக் க்யூ காய்ச்சல் வந்தபோது, அதன் ஊற்றுக்கண்ணாக இருந்தவை முக்கியமாகக் கருச்சிதைவு கண்ட பால் வெள்ளாட்டுப் பண்ணைகள். ஆட்டைத் தொடாதவர்களும், அருகில் குடியிருந்த ஒரே காரணத்தால் நோயுற்றார்கள்.

மாதிரியில் இரண்டு மூன்று காட்டிலிடன்கள், அவற்றுக்கு இடைப்பட்ட சவ்வோடு இருக்கட்டும். மண் பட்டிருந்தால் சுத்தமான உப்பு நீரில் மெல்ல அலசலாம். இரைப்பை நீரை வயிற்றைத் திறந்தவுடன் மலட்டு ஊசியால் உறிஞ்ச வேண்டும். முடிந்தால் குட்டியை முழுதாகவே அனுப்பிவிடுவது நல்லது. பனிக்கட்டிப் பைகளோடு குளிர்ச்சியாகப் போகட்டும், உறைய வேண்டாம். கேம்பிலோபாக்டர் உலர்ந்தாலும் இறக்கும், காற்றுப் பட்டாலும் நலியும். மருந்து ஊசி போடுவதற்கு முன்பே மாதிரி எடுத்துவிட வேண்டும்.

சீட்டில் சினை எத்தனை மாதம், எத்தனை ஆடுகளில் எத்தனை வீசின, தடுப்பூசி எது எப்போது, புதிதாக வாங்கிய ஆடுகள் உண்டா, ஊறுபுல் கொடுத்தீர்களா, முதல் ஈற்று ஆடுகள் மட்டும் வீசுகின்றனவா, யாருக்காவது காய்ச்சல் உண்டா என்று எழுதுங்கள். முதல் ஈற்று ஆடுகளும் புதிதாக வந்தவையும் மட்டும் வீசினால், கிருமி மந்தையில் முன்பே குடியிருந்தது என்று நினைக்க இடம் உண்டு. எல்லா வயதிலும் ஒருசேர வீசினால் அது புதிதாக வந்திருக்கலாம். எந்தத் தட்டை முதலில் தயார் செய்வது, எந்தப் பிசிஆரை ஓட்டுவது என்பதை நாங்கள் அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறோம்.

எல்லாம் ஒழுங்காகச் செய்தும் காரணம் தெரியவில்லை என்று பதில் வரலாம். அப்போது கூடத்தைத் தொலைபேசியில் அழைத்து எவற்றைத் தேடினீர்கள், எவற்றைத் தேடவில்லை என்று கேளுங்கள். மிச்சமிருக்கும் மாதிரியை உறைநிலையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். அடுத்த ஆடு வீசும்போது இரண்டையும் சேர்த்துச் சோதிக்கலாம்.